பனிப்புயலில் கடல் எப்படி ஊருக்குள் வருகிறது? தேவகோட்டை ஆச்சியின் கேள்விக்கு ஒரு பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் பாஸ்டனுக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில் வீடு வாங்கிக் குடிபோயிருக்கிறார்களாம், கைக்குழந்தை இருக்கிறது. பனிப்புயல் எச்சரிக்கையும் கடல் வெள்ள எச்சரிக்கையும் ஒரே நாளில் வந்ததாக மகள் போனில் சொன்னதிலிருந்து ஆச்சிக்குத் தூக்கம் இல்லை. தண்ணீரே உறைந்துபோகிற குளிரில் கடல் எப்படிப் பொங்கி ஊருக்குள் வரும், இது நம் பக்கத்துப் புயல் மாதிரிதானா, பிள்ளைகள் என்ன செய்யவேண்டும், தையில் தான் அங்கே போகலாமா என்பதுதான் கேள்வி.

நான் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். அந்தக் கரைக்குக் குளிர்காலத்தில் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் ஆச்சி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இங்கே இருந்து பார்க்கிற நமக்குப் பனி புதுசு என்பதால் "எத்தனை அங்குலம் பனி" என்பதையே கேட்டுக்கொண்டிருப்போம். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அதை அல்ல. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, தினமும் கடல் ஏறி இறங்குமே, அந்த ஏற்றம் எத்தனை மணிக்கு, இந்த இரண்டையும்தான். பனியை அந்த ஊர்க்காரர்கள் வருஷாவருஷம் சமாளிக்கிறார்கள். வண்டி வந்து தள்ளிவிட்டுப் போகும், ரெண்டு நாள் பள்ளிக்கூடம் இருக்காது, அவ்வளவுதான். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் கதை வேறு.

அந்தப் புயலுக்கு அங்கே நார்-ஈஸ்டர் என்று பெயர், கரையில் வடகிழக்கிலிருந்து காற்று அடிப்பதால். குளிர்காலத்தில் கனடாப் பக்கமிருந்து கடுங்குளிர்க் காற்று இறங்கி வந்து அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்கப் படுத்திருக்கும், நிலத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே. ஆனால் தெற்கே கரோலினா மாநிலங்களின் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கல்ஃப் ஸ்ட்ரீம் என்கிற வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஓடுகிறது, ஃப்ளோரிடாப் பக்கமிருந்து வருவது, ஜனவரியிலும் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். இவ்வளவு குளிரும் இவ்வளவு சூடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் காற்று சும்மா இருக்காது. மேலே பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற ஜெட் காற்று வளைந்து வந்து கைகொடுத்தால் அங்கே ஒரு தாழ்வழுத்தம் பிறக்கும், பிறந்ததும் கரையை ஒட்டியே வடகிழக்காக நகர்ந்து ஒன்றிரண்டு நாளில் நியூயார்க், பாஸ்டன் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும். பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். மையம் கடலில் தென்கிழக்கே இருக்கும்போது கரையில் நிற்பவருக்குக் காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். கடல் வெள்ளத்துக்கு மூலகாரணம் இதுதான்.

நம் புயலோடு ஒப்பிட்டால் பாதி ஒற்றுமை, பாதி வேற்றுமை. வங்கக்கடல் புயலுக்குத் தீனி சூடான கடல், மேல்நீர் 26, 27 டிகிரியாவது இருந்தால்தான் அது வளரும். தரையேறியதும் அந்தத் தீனி போய்விடும், சாகத் தொடங்கும். சாவதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்யும் என்பதை 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா காட்டியது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் புதுக்கோட்டைச் சீமையில் எத்தனை தென்னையையும் பலாவையும் சாய்த்தது, கரண்ட் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தோம் என்பது நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஆனாலும் அது ஒரு ராத்திரிக் கூத்து. நார்-ஈஸ்டர் அப்படி இல்லை. அது குளிருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தின்று வளர்வது, அதனால் ஜில்லென்ற கடல் மேல் போனாலும் பலம் கூடிக்கொண்டே போகும். நடுவில் கஜா அளவுக்கு மூர்க்கம் இருக்காது, ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும், ஒரே கரையை ஒரு நாள், ஒன்றரை நாள் விடாமல் அடிக்கும். சில புயல்களில் காற்றழுத்தம் 24 மணி நேரத்தில் 24 மில்லிபாருக்கு மேல் விழுந்துவிடும், அதைத்தான் செய்தியில் "பாம் சைக்ளோன்" என்கிறார்கள். 2018 ஜனவரி 4 அன்று பாஸ்டனை அடித்த புயலில் ஒரே நாளில் 50 மில்லிபாருக்கும் மேல் விழுந்தது. பாரோமீட்டரைப் பார்த்தே பிழைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும், கப்பலில் மூன்று மணி நேரத்தில் அஞ்சாறு மில்லிபார் விழுந்தாலே எல்லாவற்றையும் கட்டிவைக்கச் சொல்லிவிடுவோம்.

பனி எங்கே வருகிறது என்றால், கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று நிலத்தில் படுத்திருக்கிற குளிர்க்காற்றின் மேல் ஏறிப்போகும், ஏறின ஈரம் பனியாகக் கொட்டும். புயல் மையத்துக்கு வடமேற்குப் பக்கம்தான் கொட்டல் அதிகம். அந்த ஊர் வானிலைக்காரர்கள் கடலில் ஒரு புள்ளியை அடையாளமாக வைத்திருக்கிறார்கள், 40 டிகிரி வடக்கு, 70 டிகிரி மேற்கு. மையம் அதை ஒட்டிப் போனால் நியூயார்க், பாஸ்டன் இரண்டுக்கும் நல்ல பனி. இன்னும் கரைக்குக் கிட்டே வந்தால் கடல் சூடு உள்ளே நுழைந்து கடலோரத்தில் பனி மழையாக மாறிவிடும். ரெண்டு டிகிரி வித்தியாசம்தான், அதனால்தான் மகள் காலையில் "பதினைந்து அங்குலம்" என்பாள், சாயங்காலம் "மழைதானாம்" என்பாள். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். பனி மழையாக மாறிவிட்டது என்றால் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் பனி மாறினதற்குக் காரணமே புயல் கரைக்குக் கிட்டே வந்ததுதான், அப்படி வந்தால் கடலிலிருந்து அடிக்கிற காற்று குறைவதில்லை, சில சமயம் கூடும். கடல் வெள்ள எச்சரிக்கை தனி எச்சரிக்கை, அது விலக்கப்படுகிறவரை அப்படியே நிற்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சரி, கடலுக்கு வருவோம். தண்ணீர் உறைகிற குளிரில் கடல் எப்படி என்று கேட்டீர்கள். உப்புத் தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது, ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி வேண்டும், திறந்த கடல் அலையடித்துக்கொண்டே இருப்பதால் அதுவும் லேசில் நடக்காது. ஆக மேலே பனி கொட்டும்போதே கீழே கடல் தண்ணீராகத்தான் இருக்கிறது, காற்றுக்குக் கட்டுப்பட்டு நகர்கிறது. ஆத்தங்குடிக்கல் பதித்த வளவைக் கழுவிவிடும்போது விளக்குமாற்றால் தண்ணீரை ஒரே பக்கமாகத் தள்ளினால் மூலையில் போய் மட்டம் ஏறுமே, அதே வேலையைத்தான் வடகிழக்குக் காற்று நூற்றுக்கணக்கான மைலுக்குச் செய்கிறது, அந்த மூலைதான் பாஸ்டன் இருக்கிற விரிகுடா. இதோடு காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எழும்பும். சாதாரண நாளில் 1013 இருப்பது 950 ஆனால் மையத்துக்குக் கீழே கடல் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் உப்பி நிற்கிறது என்று கணக்கு. இதற்கு மேல் அலை வேறு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து போன ரயிலையும் கொண்டுபோனதும் இப்படிக் காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்தான். புயலின் வகை வேறு, கடலை ஏற்றுகிற விதம் ஒன்றே.

ஆனால் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஏற்றஇறக்கத்தில் இருக்கிறது, இதைத்தான் நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. நம் தொண்டிக் கரையில் கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. பாஸ்டனில் அது சாதாரணமாகவே மூன்று மீட்டர் போல, தினமும் ரெண்டு தடவை, பன்னிரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி விட்டு. அங்கே புயல் கடலை மூன்றடி தூக்குகிறது என்று வையுங்கள். இறக்கம் நடக்கிற நேரத்தில் வந்தால் அந்த மூன்றடி வந்ததே தெரியாமல் போய்விடும், ஏற்றத்தின் உச்சியில் வந்தால் தெருவுக்குள் வரும். ஒரே புயல், ஒரே காற்று, ஆறு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் விளைவு தலைகீழ்! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் கூடும். 1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் வந்த பனிப்புயலில் பாஸ்டனில் 27 அங்குலம் பனி, 7-ஆம் தேதி அமாவாசை, அன்று ஏறின கடல்மட்டம், சராசரி இறக்க மட்டத்திலிருந்து அளந்தால், ஏறத்தாழ 15.1 அடி. அதைத் தாண்டியது நான் மேலே சொன்ன 2018 ஜனவரி 4, 15.16 அடி, அதற்கு ரெண்டு மூணு நாள் முன்னால்தான் பௌர்ணமி. 2016 ஜனவரிப் பனிப்புயலும் பௌர்ணமியில்தான் வந்தது, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 27 அங்குலத்துக்கு மேல் பனி, அதே நேரம் நியூ ஜெர்சியின் தென்கோடியில் கேப் மே பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. 2012 அக்டோபர் 29-இல் சாண்டிப் புயல் வந்ததும் பௌர்ணமி நாள், மன்ஹாட்டன் சுரங்க ரயில் பாதைக்குள் கடல் இறங்கியபோது உள்ளே மேற்கு வர்ஜீனியா மலைகளில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியிலேயே பாதிக் கணக்கு இருக்கிறது ஆச்சி. புயல் தேதி அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மூணு நாளுக்குள் விழுகிறதா என்று இங்கிருந்தே பார்த்துவிடலாம்.

புயல் நீண்ட நேரம் நிற்பது ஏன் மோசம் என்பதும் இதில்தான் விளங்கும். ஒரு ராத்திரியில் முடிகிற புயல் ஒரு ஏற்றத்தைப் பிடிக்கும், சில சமயம் அதையும் தவறவிடும். ஒன்றரை நாள் நிற்பது மூன்று ஏற்றத்தைப் பிடிக்கும். 1962 மார்ச்சில் ஒரு புயல் நகராமல் நின்று தொடர்ந்து ஐந்து ஏற்றங்களில் கரையை அடித்தது, ஒவ்வொரு ஏற்றமும் முந்தையது அரித்துவிட்டுப் போன மணலின் மேல் வந்தது. அதனால் முதல் ஏற்றத்தில் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது, அடுத்த ஏற்றம் நடுராத்திரியில் இருக்கும். இன்னொன்று, பாஸ்டன் துறைமுக அளவுகோலில் 1921-லிருந்து பார்த்தால் சராசரிக் கடல்மட்டம் ஓரடிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது. பழைய ஆட்கள் "78-லேயே இந்தத் தெருவுக்கு வரவில்லை" என்று சொல்வதை வைத்து மாப்பிள்ளை தைரியமாக இருந்தால், அந்தக் கணக்கு இப்போது செல்லாது என்று சொல்லுங்கள்.

2018-இல் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் பனியும் கடலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று புரியும். பாஸ்டன் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில் கடல் தண்ணீர் அருவி மாதிரி இறங்கியது. சீபோர்ட் பகுதித் தெருவில் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி பனிக்கூழ் கலந்த தண்ணீரில் மிதந்து போனது. வடக்கே குளோஸ்டர் என்கிற மீன்பிடி ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் பாதுகாப்பு என்று நிறுத்தியிருந்த கார்கள் மூழ்கின, புயலுக்குப் பின்னால் குளிர் இறங்கியதும் அப்படியே பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டன. நம் ஊரில் வெள்ளம் வந்தால் வடிந்துவிடும். அங்கே வடிகால் வாய்களைப் பனி மூடியிருக்கும், தண்ணீருக்குப் போக வழியில்லை, நின்ற இடத்திலேயே இறுகும்.

வீட்டைப் பற்றி முக்கியமாகச் சொல்லவேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள், தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணைக்கே போகமுடியும், முகப்பு, வளவு எல்லாம் மேடையில் நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கொண்ட கதை மனதில் இருந்ததால் இப்படிக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே நேர் எதிர். குழி தோண்டி அடித்தளம் ஒன்று கட்டி அதன் மேல் மரவீட்டை வைக்கிறார்கள். வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு, வெந்நீர்த் தொட்டி, மின்சாரப் பெட்டி பெரும்பாலும் அந்தக் கீழறையில்தான். கடல் தண்ணீர் அங்கே ஓரடி ஏறினாலே சூடாக்கி நின்றுபோகும். எரிவாயுவில் ஓடுவதானாலும் கரண்ட் இல்லாமல் ஓடாது. புயல் கடந்ததும் வடமேற்குக் குளிர்க்காற்று வந்து வெப்பம் மைனஸ் பத்து, பதினைந்துக்குப் போகும், சூடு இல்லாத வீட்டில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே இருக்கவே முடியாது. பனி தனியாக வந்தால் வீட்டுக்குள் கதகதப்பாக இருந்து சமாளிக்கலாம். தண்ணீர் அந்தக் கதகதப்பைப் பிடுங்கிக்கொள்கிறது, அதனால்தான் நான் தண்ணீரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லவேண்டியது இதுதான். தங்கள் வீடு எந்த வெள்ள மண்டலத்தில் இருக்கிறது என்று நகராட்சியில் வரைபடம் இருக்கும், அதைப் பார்த்து வைக்கட்டும். வெளியேறச் சொன்னால், குழந்தை இருப்பதால் ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் முன்னாலேயே, பனி தொடங்குவதற்குள், உள்ளே தள்ளி இருக்கிற நண்பர் வீட்டுக்குப் போய்விடட்டும், சாலை மூடின பிறகு தீயணைப்பு வண்டிகூட வரமுடியாது. காரை முதல் நாளே மேட்டில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். மின்சாரக் கார் உப்புத் தண்ணீரில் மூழ்கினால் பாட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும், மூழ்கிய வண்டியை வீட்டோரம் வைக்கவே கூடாது. கீழறையில் தண்ணீர் நின்றால் கரண்ட் துண்டிக்கப்பட்டது உறுதியாகாமல் யாரும் இறங்கக் கூடாது. குழாயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைத்தால் உறைவது தள்ளிப்போகும்.

இதைவிடவும் பெரிய ஆபத்து ஒன்று சத்தமில்லாமல் வருவது, கார்பன் மோனாக்சைடு. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. சூடாக்கியின் புகை வெளியேறுகிற குழாய் பல வீடுகளில் பக்கச் சுவரில் தாழ்வாக இருக்கும், பனி குவிந்து அதை மூடிவிட்டால் அந்தப் புகை வீட்டுக்குள்தான் திரும்பும். புயல் நடுவிலும் ஒரு தடவை போய் அந்த வாயைச் சுற்றிப் பனியை ஒதுக்கிவிட்டு வரவேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டக் கூடாது, கரி அடுப்பை உள்ளே மூட்டக் கூடாது. காரில் ஹீட்டர் போட்டு உட்காருவதானால் பின்பக்கப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காரவேண்டும். 1978-இல் பாஸ்டனைச் சுற்றி ஓடுகிற 128-ஆம் எண் சாலையில் 3,000-க்கும் மேற்பட்ட கார்கள் பனியில் சிக்கின, அங்கே காருக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இப்படித்தான் இறந்தார்கள். இதற்கான எச்சரிக்கைக் கருவி விலை குறைவு, பாட்டரியில் ஓடுகிறதாக வீட்டில் ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

பனியை அள்ளுவதும் லேசான வேலை என்று மாப்பிள்ளை நினைக்கவேண்டாம். ஓரடி பனி ஒரு சதுர மீட்டரில் முப்பது கிலோ வரும், கடலோரத்து ஈரப்பனி அதைப் போல ரெண்டு மடங்கு. பழக்கமில்லாமல் மூச்சைப் பிடித்து அள்ளுகிறவர்களுக்கு மாரடைப்பு வருவது அங்கே ஒவ்வொரு புயலிலும் நடக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டால் போதும், தூக்கி வீசத் தேவையில்லை.

நீங்கள் இங்கே இருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. புயல் நேரத்தில் வீடியோ போன் போடாதீர்கள் ஆச்சி, பேரன் முகத்தைப் பார்க்கத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், ஆனால் கரண்ட் இல்லாத வீட்டில் போன் பாட்டரிதான் உயிர். ஏற்றம் முடிந்ததும் "சரியாக இருக்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பச் சொல்லிவிடுங்கள். குளிர்காலத்தில் அவர்கள் நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், அங்கே பகல் பன்னிரண்டு மணி ஏற்றம் என்றால் நமக்கு ராத்திரி பத்தரை. அந்த நேரத்துக்கு விழித்திருந்தால் போதும், ராத்திரி பூரா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

தையில் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். புயலுக்குப் பயந்து பங்குனிக்குத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை, நியூயார்க்கையே முடக்கிய 1888 பனிப்புயல், மேலே சொன்ன 1962 புயல், ஃப்ளோரிடா முதல் மெய்ன் வரை அடித்த 1993 புயல் மூன்றும் மார்ச் மாதத்தில் வந்தவைதான். புயலே வேண்டாம் என்றால் வைகாசிக்குத்தான் போகவேண்டும். பாஸ்டன் விமான நிலையம் கடலைத் தொட்டுக்கொண்டு இருப்பது, பனிப்புயலுக்கு முதல் நாளே விமானங்களை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் சென்னையிலிருந்து பாஸ்டன் வரைக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள், தனித்தனியாகப் போட்டால் நடுவில் மாட்டிக்கொண்டபோது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மருந்து மாத்திரையை நாலைந்து நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கனமான ஸ்வெட்டரை இங்கே தேடி அலையவேண்டாம், மகளிடம் சொன்னால் விமான நிலையத்துக்கே கோட்டும் அடி வழுக்காத பூட்ஸும் கொண்டுவந்துவிடுவாள்.